பகுத்தலும் புணர்த்தலும்: ஒலியை மீடிறன் பட்டைகளாகப் பிரித்தாளும் முறையின் வரலாறு

இசைப்பதிவு ஒன்றைச் செவிமடுக்கும்போது நாம் அதனை முழுமையான ஓர் ஒலியாகவே உணர்கிறோம். ஆயின், இன்று வெளிவரும் பதிவுகளிற் பல எமது செவியை வந்தடையுமுன் கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கூறும் தனித்தனியே திருத்தப்பட்டு, மீண்டும் ஒன்றாக்கப்பட்டவையாகும். தாழ்ந்த மீடிறன்களைக் கொண்ட பட்டை ஒரு வழியாலும், இடைப்பட்டவை மற்றொரு வழியாலும், உயர்ந்தவை பிறிதொரு வழியாலும் செலுத்தப்படுகின்றன. இம்முறை இசைப்பதிவுக் கூடத்திலே தோன்றியதன்று. பௌதிகவியலாளரின் ஆய்வுகூடம், தந்திக் கம்பி, போர்க்கால இரகசியம், ஒலிநாடா, வானொலி நிலையம் எனப் பல இடங்களிலே வளர்ந்து, இறுதியாகவே அது இசைக்கலைஞரிடம் வந்து சேர்ந்தது. அவ்வளர்ச்சியை நிரல்படக் கூறுவதும், ஒவ்வொரு கட்டத்திலும் ஒலி எதற்காகப் பிரிக்கப்பட்டது என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இப்பொருள் முற்றிலும் அந்நியமானதன்று. பதத்தைப் பகுதி, விகுதி முதலாய உறுப்புகளாகப் பகுப்பது ஒரு செயல்; நின்ற சொல்லையும் வரும் சொல்லையும் புணர்த்துவது மற்றொரு செயல். புணருமிடத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் எனும் விகாரங்கள் நிகழக்கூடும். எம்மாற்றமுமின்றி இயல்பாய்ப் புணர்தலும் உண்டு. ஒலியைப் பட்டைகளாகப் பிரித்த பொறியியலாளரும் இதே வினாவை எதிர்கொண்டனர். பிரித்தலிலும் பார்க்கச் சேர்த்தலே அவர்களுக்குக் கடினமாயிருந்தது.

அறிதற்பொருட்டுப் பகுத்தல்

ஒலியைக் கூறுகளாகக் காணும் நோக்கிற்குக் கணித அடிப்படை வகுத்தவர் பிரான்சு நாட்டவரான ஜோசப் பூரியே ஆவர். வெப்பம் பரவும் முறையை ஆராய்ந்து 1822 இல் அவர் வெளியிட்ட நூலில், சிக்கலான அலைவடிவத்தை எளிய சைன் அலைகளின் கூட்டாக எழுதும் முறை விரிவாக எடுத்துரைக்கப்பட்டது. 1843 இல் ஜோர்ஜ் சைமன் ஓம், மனிதச் செவியும் இத்தகைய பகுப்பையே செய்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். மின்தடை பற்றிய விதியால் எமது மாணவர் அறிந்த ஓம் இவரே.

இக்கருத்தைப் பரிசோதனையால் நிலைநிறுத்த முயன்றவர் ஹேர்மன் வொன் ஹெல்ம்ஹோல்ற்ஸ். 1863 இல் வெளிவந்த, இசையொலி உணர்வு பற்றிய அவரது பெருநூல் ஒலியியல் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். அவர் பயன்படுத்திய கருவி மிக எளியது. உட்குடைவான கோளம் ஒன்று. அதன் ஒருபுறத்தே வாய். மறுபுறத்தே செவியிற் பொருத்துதற்குரிய சிறு முனை. கோளத்தின் பருமனுக்கும் வாயின் அளவுக்கும் ஏற்ற ஒரு மீடிறனுக்கு மட்டுமே அது பரிவுறும். வெவ்வேறளவான கோளங்களை ஒவ்வொன்றாகச் செவியில் வைத்துக் கேட்கையில், ஒரே சுரத்துள் மறைந்துகிடந்த மேற்றொனிகள் தனித்தனியே வெளிப்பட்டன. பாரிசில் வாழ்ந்த கருவி வினைஞரான ருடோல்ப் கேனிக் இத்தகைய பரிவுக்கருவிகளை வரிசையாக அமைத்து, ஒவ்வொன்றுடனும் ஒரு வாயுச்சுடரை இணைத்தார். எச்சுடர் நடுங்குகிறதோ அம்மீடிறன் ஒலியிலே உள்ளது எனச் சுழலும் ஆடியிற் கண்டறியலாயிற்று.

இக்கட்டத்திலே பகுத்தலின் நோக்கம் அறிதல் ஒன்றே. பகுத்தவற்றை மீண்டும் சேர்க்கவேண்டிய தேவை பெரிதும் எழவில்லை. மூல ஒலி எவ்வித மாற்றமுமின்றி அறையிலேயே இருந்தது.

சிக்கனத்தின்பொருட்டுப் பகுத்தல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாணிகம் இத்துறையிற் புகுந்தது. தந்திக் கம்பி விலையுயர்ந்தது. ஒரு கம்பியிற் பல செய்திகளை ஒருங்கே அனுப்பினால் ஊதியம் பெருகும். அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் எலிசா கிரேயும் வெவ்வேறு மீடிறனில் அதிரும் நாக்குகளைக் கொண்டு இதனைச் சாதிக்க முயன்றனர். அம்முயற்சியில் ஈடுபட்டிருக்கையிலேயே பெல் தொலைபேசிக்கு வழிகண்டார். அதற்கான உரிமம் 1876 மார்ச்சில் அவருக்குக் கிடைத்தது.

அதிரும் நாக்குகளுக்குப் பதிலாகத் தூண்டிகளையும் கொள்ளளவிகளையும் கொண்டு மின்னலைகளை வடிகட்டும் முறையை அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.ரி. அன்ட் ரி. இல் பணியாற்றிய ஜோர்ஜ் காம்பெல் உருவாக்கினார். அவரது மின்னலை வடிகட்டிக்கு 1917 இல் உரிமம் வழங்கப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜேர்மனியிலே கார்ல் வில்லி வாக்னரும் தனித்து அதே முடிவை எய்தினார். ஒரு குறித்த எல்லைக்குட்பட்ட மீடிறன்களை மட்டும் செல்லவிட்டு ஏனையவற்றைத் தடுக்கும் இவ்வடிகட்டியே பின்னர் வந்த அனைத்திற்கும் அடிப்படையாயிற்று. 1918 இல் போல்ற்றிமோருக்கும் பிற்ஸ்பேர்க்குக்கும் இடையில் ஒரே கம்பிச் சோடியிற் பல உரையாடல்களைக் கொண்டுசெல்லும் முறை நடைமுறைக்கு வந்தது.

இதனினும் துணிவான ஒரு கருத்து பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹோமர் டட்லிக்கு உதித்தது. பேச்சொலி முழுவதையும் அனுப்புவது வீண். அதனைப் பத்துப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் ஒலியின் வலு கணந்தோறும் எவ்வாறு மாறுகிறது என்பதை மட்டும் அனுப்பினாற் போதும். மறுமுனையில் அவ்வளவுகளைக் கொண்டு பேச்சைப் புதிதாக ஆக்கிக்கொள்ளலாம் என அவர் கருதினார். 1928 அளவில் தொடங்கிய இவ்வாய்வின் விளைவே வொக்கோடர் எனும் கருவியாகும். அதன் உடன்பிறப்பான வோடர், பயிற்சிபெற்ற ஒருவர் விசைகளை அழுத்தப் பேசும் பொறியாக 1939 இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் மக்கள் முன் வைக்கப்பட்டது.

இரண்டாம் உலகப்போர் இக்கருவிக்கு வேறொரு பணியை அளித்தது. சிக்சலி எனப் பெயரிட்ட முறையிலே, வொக்கோடர் பிரித்தளித்த பட்டைகளின் அளவுகள் செக்கனுக்கு 50 தடவை இலக்கங்களாக மாற்றப்பட்டு, ஒருதடவை மட்டும் பயன்படும் இரகசிய இரைச்சற் பதிவுடன் கலக்கப்பட்டன. 1943 யூலை 15 ஆந் திகதி வாசிங்ரனுக்கும் இலண்டனுக்குமிடையே இது தொழிற்படத் தொடங்கியது. ஒரு முனையத்தின் நிறை ஏறத்தாழ 55 தொன். இன்று சட்டைப்பையில் அடங்கும் தொலைபேசி இதனையொத்த பணியைச் செய்கிறது என்பதை நோக்குமிடத்து இடைப்பட்ட காலத்தின் வளர்ச்சி புலனாகும்.

சிக்கனமும் இரகசியமும் நோக்கமாயிருந்தவிடத்து, கிடைத்த குரல் மூலக் குரலை ஒத்திருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொருள் விளங்கினாற் போதும். இக்குறைபாடே பிற்காலத்திற் கலையழகாக ஏற்கப்பட்டது. வெண்டி கார்லோசும் ரொபேட் மூக்கும் 1970 அளவில் அமைத்த பத்துப் பட்டை வொக்கோடர், 1971 இல் வெளிவந்த ‘எ குளொக்வேர்க் ஒறேஞ்’ என்ற திரைப்படத்திலே பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனிப் பகுதியை இயந்திரக் குரலிற் பாடியது.

தூய்மையின்பொருட்டுப் பகுத்தல்

இசைப்பதிவுக்குப் பட்டைப்பிரிப்பைப் பெருமளவிற் கொணர்ந்தவர் ரே டொல்பி. 1963 தொடக்கம் 1965 வரை யுனெஸ்கோவின் ஆலோசகராக இந்தியாவிற் பணிபுரிந்த அவர், 1965 இல் இலண்டனிலே தமது ஆய்வுகூடத்தை நிறுவினார். அவர் தீர்க்க முனைந்தது காந்த ஒலிநாடாவின் இரைச்சல். மெல்லிய இசைப் பகுதிகளில் நாடாவின் ‘ஸ்ஸ்’ என்ற ஓசை இசையோடு போட்டியிடுவதை அக்காலப் பதிவுகளிற் கேட்கலாம்.

பதிவுசெய்யும்போது மெல்லிய ஒலிகளை உயர்த்தி, மீட்டுக் கேட்கும்போது அதே அளவாற் குறைத்தால், இடையிலே நாடா சேர்த்த இரைச்சலும் உடன் குறையும். இவ்வுத்தி டொல்பிக்கு முன்னரும் அறியப்பட்டதே. ஆனால் ஒலி முழுவதையும் ஒரே கருவி உயர்த்தித் தாழ்த்தும்போது ஒரு குறை நேர்ந்தது. கனத்த முரசொலி ஒன்று எழுந்தவுடன் கருவி முழு ஒலியின் அளவையும் மாற்றும். உயர் மீடிறன் இரைச்சலும் அதனுடன் ஏறி இறங்கும். முரசொலியின் தாழ்ந்த மீடிறன் உயர் மீடிறன் இரைச்சலை மறைக்க வல்லதன்று. ஆதலால் மூச்சுவிடுவது போன்ற ஓசை கேட்கும்.

1966 இல் பாவனைக்கு வந்த டொல்பி ‘ஏ’ முறை ஒலியை நான்கு பட்டைகளாகப் பிரித்தது: 80 ஹேர்ட்சுக்குக் கீழ்ப்பட்டது ஒன்று, 80 முதல் 3000 வரை ஒன்று, 3000 க்கு மேற்பட்டது ஒன்று, 9000 க்கு மேற்பட்டது ஒன்று. ஒவ்வொரு பட்டையும் தன் எல்லைக்குள் நிகழ்வதற்கேற்பவே தொழிற்பட்டது. இரைச்சல் ஏறத்தாழ 10 தெசிபெல் குறைந்தது. மிகவுயர்ந்த மீடிறன்களில் அதனினும் கூடுதலாகக் குறைந்தது. இலண்டன் டெக்கா நிறுவனமே இதனை முதலில் வாங்கியது. மேலே குறிப்பிட்ட திரைப்படத்தின் ஒலிக்கலவைப் பணியிலும் இம்முறை பயன்பட்டது. எனவே ஒலியைப் பிரித்து உருமாற்றிய கருவியும், பிரித்துத் தூய்மையாக்கிய கருவியும் அவ்வொரு படத்திலே சந்தித்தன.

டொல்பியின் அமைப்பில் இரு சிறப்புகள் ஈண்டு நோக்கத்தக்கன. முதலாவது, பிரதான ஒலி பிரிக்கப்படாமலே நேர்வழியிற் சென்றது, பட்டைகளாகப் பிரித்தெடுத்த மெல்லிய பகுதி மட்டும் பதிவின்போது அதனுடன் கூட்டப்பட்டது, மீட்கும்போது கழிக்கப்பட்டது. ஆகவே உரத்த ஒலிகள் ஏறத்தாழத் தீண்டப்படாதிருந்தன. இரண்டாவது, செய்யப்பட்டது யாவும் மீளப்பெறத்தக்கதாய் இருந்தது. கூட்டியவரும் கழிப்பவரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள். பட்டைப்பிரிப்பு முறைகளுள் மூலத்தை மீளத் தருவதையே தன் இலட்சியமாகக் கொண்டது இது எனலாம்.

புணர்ச்சிச் சிக்கல்

ஒலிபெருக்கி அமைப்போர் இத்தகைய தப்புவழி இல்லாதவர்கள். பெரிய கூம்பு தாழ்ந்த மீடிறன்களையும் சிறியது உயர்ந்தவற்றையும் நன்கு வெளியிடுவதால், அவர்கள் ஒலி முழுவதையும் பிரித்தேயாகவேண்டும். பிரித்தவை காற்றிலே கூடும்.

வடிகட்டி மீடிறன்களைத் தடுப்பதோடு நில்லாது அலையின் அவத்தையையும் மாற்றுகிறது. சிக்கல் இதிலிருந்தே பிறக்கிறது. வழக்கமான இரண்டாம் வரிசை வடிகட்டிகள் இரண்டைக் கொண்டு பிரித்தால், எல்லை மீடிறனில் இரு பட்டைகளும் தலா 3 தெசிபெல் குறைந்தும் ஒன்றுக்கொன்று எதிரவத்தையிலும் இருக்கும். கூட்டும்போது அவ்விடத்தில் ஒலி அற்றுப்போகும். ஒன்றைத் தலைகீழாக்கினால், அங்கே 3 தெசிபெல் மேடு எழும். இலக்கணத்திற் கூறுவதானால், முன்னது கெடுதல், பின்னது தோன்றல்.

கலிபோணியாவில் ஹியூலற் பக்காட் நிறுவனத்திற் பணியாற்றிய சீக்பிரீட் லிங்விற்ஸ், ரஸ் ரைலி ஆகிய இருவரும் கண்ட தீர்வு 1976 இல் லிங்விற்ஸ் எழுதிய கட்டுரை மூலம் வெளிவந்தது. அத்தகைய வடிகட்டிகளை இரட்டித்துத் தொடராக இணைத்தால், எல்லை மீடிறனில் ஒவ்வொரு பட்டையும் 6 தெசிபெல் குறையும். அதாவது வீச்சம் சரிபாதியாகும். அவத்தை வேறுபாடு ஒரு முழுச்சுற்றாவதால் இரண்டும் ஒத்த அவத்தையில் நிற்கும். பாதியும் பாதியும் கூடி ஒன்றாகும். எனினும் இது முற்றும் இயல்பு புணர்ச்சியன்று. வீச்சம் மாறாதிருப்பினும் அவத்தை மீடிறனுக்கேற்ப நகர்ந்துவிடுகிறது. அஃது ஒருவகைத் திரிதல். இன்றைய பல்பட்டைக் கருவிகளிற் பல இவ்வடிகட்டியையே கையாள்கின்றன. அதே 1976 இல் குறுவாசியே, எஸ்தபான், கலான் ஆகிய மூவர் இலக்கமுறைச் சமிக்ஞையை இரு பட்டைகளாகப் பிரித்து, பிரிப்பினால் நேரும் பிழைகள் சேர்ப்பின்போது ஒன்றையொன்று நீக்குமாறு அமைக்கும் வடிகட்டிச் சோடியை விவரித்தனர். பின்னர் எம்.பி. 3 எனப் புகழ்பெற்ற ஒலிச்சுருக்க முறையில் ஒலி முதலில் 32 பட்டைகளாகப் பிரிக்கப்படுவது இச்சிந்தனை மரபின் தொடர்ச்சியே.

அவத்தையை மாற்றாத வடிகட்டிகளும் கணினியில் இயலும். ஆனால் அவை ஒலியைத் தாமதப்படுத்தும். கூர்மையான தட்டொலிக்கு முன்னதாகவே அதன் மங்கிய நிழல் கேட்கவும் இடமுண்டு. பட்டை எத்துணை ஒடுங்கியதோ, வடிகட்டியின் எதிர்வினை அத்துணை நீளும். மீடிறனையும் காலத்தையும் ஒருங்கே எல்லையற்ற நுண்மையுடன் அறிய இயலாது என டெனிஸ் காபர் 1946 இல் நிறுவியது இவ்வுண்மையையே. கருவியின் விலையை உயர்த்தி இவ்வெல்லையைக் கடத்தல் இயலாது.

உரப்பின்பொருட்டுப் பகுத்தல்

1970 களின் முற்பகுதியில் அமெரிக்க வானொலி நிலையங்கள் பட்டைப்பிரிப்பைப் பிறிதொரு நோக்கிற் கையாளத் தொடங்கின. மைக் டொறோ அமைத்த கருவி ஒலியை மூன்று பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒடுக்கியது. ஒலிப்பதிவாளர் கொம்பிறெசர் என வழங்கும் ஒடுக்கி, உரத்தவற்றைத் தாழ்த்தி, மெல்லியவற்றுக்கும் அவற்றுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பது. ஒரே ஒடுக்கியை முழு ஒலிக்கும் பயன்படுத்தினால் முரசு அதிருந்தோறும் பாடகரின் குரலும் அமிழும். பட்டைகளைப் பிரித்தபின் முரசு தன் பட்டையை மட்டும் தாழ்த்தும், குரல் நிலைபெறும். ஆதலால் முன்னிலும் கூடுதலாக ஒடுக்கவும், அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் முன்னிலும் உரத்து ஒலிபரப்பவும் நிலையங்களால் இயன்றது. வானொலியைத் திருப்புவோர் உரத்த நிலையத்திலே தங்குவர் என்ற நம்பிக்கை இதற்குத் தூண்டுகோலாயிற்று.

இதே உத்தி இசைத்தட்டின் இறுதிச் சீராக்கத்திற்கும் பரவியது. 1996 இல் டென்மார்க்கின் ரி.சி. இலெக்ட்றோனிக் வெளியிட்ட பைனலைசர் எனும் கருவி மூன்று பட்டை ஒடுக்கத்தைச் சிறிய பதிவுக்கூடங்களுக்கும் எட்டச் செய்தது. சிறிது காலத்தில் அது கணினி மென்பொருளாயிற்று. பதிவுகள் ஒன்றையொன்று விஞ்சி உரத்தன. ஒலியேற்ற இறக்கம் குன்றியது. 2008 இல் வெளிவந்த மெற்றாலிக்கா குழுவின் ‘டெத் மக்னெற்றிக்’ என்ற தொகுப்பின் மிகையொடுக்கம் பற்றி இரசிகர்களே முறையிட்டனர். உரப்பை அளக்கும் சர்வதேச முறை 2006 இல் வகுக்கப்பட்டதும், 2010 இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் உரப்பைச் சமப்படுத்தும் விதியை வெளியிட்டதும் இப்போட்டிக்கு எதிரான முயற்சிகளாகும்.

இங்கே அடிப்படையான மாற்றமொன்று நிகழ்ந்துள்ளது. டொல்பியின் கூட்டலுக்கு ஒரு கழித்தல் இருந்தது. வானொலி ஒடுக்கத்துக்கும் இறுதிச் சீராக்கத்துக்கும் மறுதலை இல்லை. ஒடுக்கியவர் எவ்வளவு ஒடுக்கினார் என்ற செய்தி எங்கும் பதியப்படுவதில்லை. கேட்பவரால் மூலத்தை மீளப்பெற இயலாது.

பட்டையும் வாத்தியமும்

தாழ்ந்த பட்டை முரசுக்குரியது, இடைப்பட்டை குரலுக்குரியது, உயர்பட்டை தாளத்துக்குரியது என்ற எண்ணம் ஒலிப்பதிவாளரிடையே சிலவேளை காணப்படுகிறது. ஹெல்ம்ஹோல்ற்ஸ் கண்ட உண்மைக்கு இது முரணானது. ஒரு சுரத்தின் பண்பு, அதன் மேற்றொனிகள் எவ்வெவ்வளவில் அமைகின்றன என்பதிற் பெரிதும் தங்கியுள்ளது. அம்மேற்றொனிகளோ பல பட்டைகளிற் பரந்து கிடப்பவை.

மிருதங்கம் இதற்கு நல்ல சான்று. சி. வி. இராமன் 1920 இல் சி. குமாருடன் இணைந்தும் 1934 இல் தனித்தும் வெளியிட்ட ஆய்வுகளில், வலந்தலையில் இடப்படும் கரணையின் பாரம், தோலின் ஒழுங்கற்ற அதிர்வுகளை இசைவான மேற்றொனி வரிசையாக்குகிறது எனக் காட்டினார். சாதாரண முரசின் மேற்றொனிகள் அடிப்படை மீடிறனின் முழுவெண் மடங்குகளாக அமையா. மிருதங்கத்திலோ முதல் ஐந்தும் அவ்வாறு அமைகின்றன. மிருதங்கம் சுருதியோடு சேர்ந்தொலிப்பது இதனாலேயே. இம்மேற்றொனி வரிசையின் நடுவே பட்டை எல்லையை வைத்து, கீழுள்ளவற்றை ஒருவாறும் மேலுள்ளவற்றை வேறொருவாறும் ஒடுக்கினால், வாத்திய வினைஞர் கரணையிட்டுப் பெற்ற சமநிலை தட்டுக்குத் தட்டு மாறும். மீடிறன்கள் இடம்பெயரா, ஆயினும் பண்பு வேறாகும். மேலைத்தேய மேளத்தை எண்ணி வைத்த எல்லைகளை எமது வாத்தியங்களுக்கும் அவ்வாறே ஏற்பது பொருந்தாது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வடிகட்டியின் இயல்பு ஒரு நூற்றாண்டாகப் பெரிதும் மாறவில்லை என்பதும், மாறியது அதன் நோக்கமே என்பதும் தெளிவாகும். அறிவதற்காகப் பிரித்தனர், சிக்கனத்துக்காகவும் மறைப்பதற்காகவும் பிரித்தனர், தூய்மைக்காகப் பிரித்தனர், உரப்புக்காகவும் பிரித்தனர்.

இவ்வரலாறு எமக்கு நடைமுறைப் பயனும் உடையது. டொல்பி ‘ஏ’ முறையிற் பதியப்பட்ட நாடாவை அதற்குரிய கருவியின்றி மீட்டால், மெல்லிய ஒலிகள் உயர்ந்தே நிற்கும். அந்நாடாவின் தொடக்கத்தில் இடப்படும் அளவுக்குறிப்பொலி அழிக்கப்பட்டால், கருவி இருந்தும் பட்டைகள் பிழையான அளவில் இயங்கும். பெட்டியின் மேலுள்ள ஒரு வரிக் குறிப்பைப் புறக்கணித்து இலக்கமுறைக்கு மாற்றுவோர், இனி வருவோர் அப்பதிவைச் செம்மையாகக் கேட்கும் வாய்ப்பைப் பறிப்பர். பழைய நாகசுரப் பதிவோ நாட்டார் பாடலோ எதுவாயினும், எவ்வகைத் திருத்தமும் செய்யாத படியொன்றை முதலிற் பேணுதல் வேண்டும். திருத்திய படிக்கு எவ்வெல்லைகளிற் பிரித்து, எவ்வளவு ஒடுக்கப்பட்டது என்ற குறிப்பு உடனிருத்தல் வேண்டும். சுவடி பதிப்பித்தோர் மூலபாடத்தையும் பாடபேதத்தையும் வேறுபடுத்திக் காட்டிய நேர்மையை ஒலிப்பதிவுத் துறையிலும் எதிர்பார்ப்பது மிகையன்று. அந்நேர்மை இல்லாவிடத்து, எமது இசை எவ்வாறு ஒலித்தது என வினவும் நாளைய ஆய்வாளனுக்கு, ஒடுக்கி எவ்வாறு ஒலித்தது என்பதே விடையாகக் கிடைக்கும்.